லாஸ்பேட்டை மாடிவீடு வாடகைக்கு

பாரிஸ் புறநகர்,
12 ஜனவரி 2025

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன், அப்புறம் மாதக்கணக்கில் பேச்சில்லை. அதனால் இனி மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அம்மா திவசத்துக்கு நான் வராததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. நீயும் கிளறாதே.

நாங்கள் இன்னும் அதே ஒற்றை அறையில்தான் இருக்கிறோம். நானும் சந்திரகலாவும் இரண்டு பெண்பிள்ளைகளும். பெரியவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து படிக்கிறாள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலி என்று விளம்பரம் பார்த்து அந்த ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பெயர் கேட்டார்கள். இங்கே குடும்பப் பெயராகப் பதிந்திருக்கிற அப்பா பெயரை, ராஜாங்கம் என்றேன். பூர்வீகம் எது என்றார்கள். நான் பிரெஞ்சுக் குடிமகன் என்றேன். அது சரி, பூர்வீகம் எது என்று மறுபடியும் கேட்டார்கள். இந்தியா என்றதும், வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர், அதே சம்பளம், அதே அளவு குடும்பம், அரை மணி கழித்து அதே எண்ணுக்குப் பேசினார். நாளைக்கே வந்து பாருங்கள் என்றார்கள். இப்படிச் செய்வதற்கு இங்கே டெஸ்டிங் என்று பெயர். எல்லாம் ஒன்றாக இருந்து பெயர் மட்டும் வேறாக இருக்கிற இரண்டு பேரைப் பேச வைப்பது. கோர்ட்டில் இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். இன ஒதுக்கலை எதிர்க்கிற ஒரு சங்கம் என் வழக்கை எடுத்திருக்கிறது. ஏஜென்சி இப்போதே இறங்கி வருகிறதாம். சமாதானமாகப் போனால் அவர்களிடம் இருக்கிற வேறொரு வீட்டை எங்களுக்குத் தருவார்கள் என்கிறார் வக்கீல்.

இன்னொரு செய்தி. ஏப்ரல் கடைசியில் ஜெனீவாவில் வாடகை வீடு பற்றி மட்டும் ஒரு கூட்டம். பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து நடத்துகின்றன. இனப்பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. வைத்திருக்கிற குழுவிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அதில் நான் பேச வேண்டுமாம். அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

நம் மாடிவீடு காலியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். யாருக்குக் கொடுக்கிறோம் என்று எனக்கு எழுதாமல் அட்வான்ஸ் வாங்காதே. என் காசில் எழுப்பிய மாடி. வருகிறவர்களிடம் குலதெய்வம் எந்த ஊர் என்று கேள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

செழியன்

*

லாஸ்பேட்டை,
19 ஜனவரி 2025

தம்பி செழியா,

திவசத்தைப் பத்தி எழுதாதேன்னு நீயே எழுதி அதை ஞாபகப்படுத்திட்ட. சரி, விடறேன்.

அந்த ஏஜென்சிக்காரனை நெனச்சா வயிறு எரியுது. பச்சப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒத்தை ரூம்ல கெடக்கறீங்க, பூர்வீகம் கேக்கறானாம் பூர்வீகம். அவன் தாத்தன் நம்ம ஊரைப் புடிச்சிக்கிட்டு எரநூறு வருஷம் உக்காந்திருந்தானே, அவனை யாரு பூர்வீகம் கேட்டா? நீ ஜெனீவால போயி நல்லா நறுக்குனு கேளு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எந்தம்பி ஐ.நா.வுல பேசப்போறான்னு. சாப்பாட்டு நேரம் பூரா அந்த டெஸ்டிங் கதைதான். என் பக்கத்து சீட்டு மேனகா ரெண்டு தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டா.

மாடிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. பேரு தீபலட்சுமி. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல பார்மசிஸ்ட். அவ, அவங்கம்மா, நாலாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு. அந்தக் குழந்தைக்கு நம்ம தெருக்கோடி ஸ்கூல்ல எடம் கெடைச்சிருக்கு, அதான் இங்கயே வீடு தேடறா. வாடகை பேரம் பேசல. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்து, குழாயெல்லாம் தொறந்து பாத்து, சமையக்கட்டு நல்லா வெளிச்சமா இருக்குன்னா. எனக்குப் புடிச்சிருந்துச்சு.

நீ சொன்ன மாதிரி குலதெய்வம் கேட்டேன். சொன்னா. எனக்குப் புரியல. பாகூர் பக்கம்னா. ஊர்லயா காலனியிலயான்னு கேட்டேன். என் மூஞ்சியப் பாத்தா. "காலனிதாங்க"ன்னா. தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

என்னைக் கேட்டா குடுத்துடலாம்னு தோணுது. ஆனா மாடி உன்னுது. எதா இருந்தாலும் சட்டுனு எழுது.

நிர்மலா

*

பாரிஸ் புறநகர்,
21 ஜனவரி 2025

அக்காவுக்கு,

வேண்டாம். நாளைக்கு நம் சொந்தக்காரர்கள் வந்து போகிற வீடு. பெரியப்பா வீட்டில் இப்போதே ஆயிரம் பேச்சு. பெண்பிள்ளைகளுக்கு நாளைக்கு ஊரிலிருந்துதான் மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு மனசில் ஒன்றும் இல்லை, ஆனால் நாலு பேர் வாயை யார் மூடுவது?

அந்தப் பெண் மனசு நோகாதபடி சொல். சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வீடு போய்விட்டது என்று சொல்லிவிடு.

நான் பேசப்போவதைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நிமிடம்தான் தருவார்களாம். சந்திரகலாவும் திருத்திக் கொடுக்கிறாள்.

செழியன்

*

லாஸ்பேட்டை,
9 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

நீ சொன்னதையே சொல்லிட்டேன். போன்லதான். நேர்ல சொல்ல மூஞ்சி இல்ல. சித்தி மகன் குடும்பத்தோட வர்றான், வீடு போயிடுச்சும்மான்னேன். "சரிங்க, ரொம்ப நன்றிங்க"ன்னு வச்சிட்டா. திட்டியிருந்தாக்கூட தேவலாம்னு இருந்துச்சு.

மறுநாளே ஒருத்தர் பேசினார், அருள்முருகன்னு. அவரும் ஏதோ ஆஸ்பத்திரில லேப்ல வேலையாம். அம்மா, ஒரு கொழந்தை. குலதெய்வம் நம்ம கூட்டத்துக் குலதெய்வம்தான், எங்கயோ சுத்தி சொந்தமாக்கூட இருக்கும். சாயந்திரமே வந்து பாருங்க, காலியாத்தான் இருக்குன்னேன். ஆளு வரவே இல்ல. நான் வேற காபிக்குப் பாலு வாங்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. இன்னா மனுஷங்களோ.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்த ஏஜென்சிக்காரனும் நமக்கு மனசுல ஒண்ணும் இல்ல, நாலு பேரு வாய்க்குத்தான் பயம்னு சொல்லுவானோ?

நிர்மலா

*

பாரிஸ் புறநகர்,
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

ஏட்டிக்குப் போட்டி பேசாதே. அவன் செய்வது நிறவெறி. நாம் செய்தது குடும்ப வழக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

ஒரு உதவி. சங்கத்தின் தலைவி, வயதான அம்மா, என்னிடம் இந்தியாவிலிருந்து ஒரு வாடகை வீட்டுச் சம்பவம் கிடைக்குமா என்று கேட்கிறார். ஐ.நா. உடன்படிக்கையில் இனம், நிறம் என்று சொல்லிக்கொண்டே வரும்போது வம்சாவளி என்று ஒரு சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதானாம். சாதியும் அதில் அடங்கும் என்று அந்த ஐ.நா. குழு சொல்கிறது, அடங்காது என்று நம் அரசு சொல்கிறது. அதனால் இந்தியாவிலிருந்து ஒருவர் வீடியோவில் பேசினால் கூட்டம் முழுமையாக இருக்கும் என்கிறார். இந்தியக்காரன் நீ இருந்தும் ஒருவரைக் கூடப் பிடிக்க முடியவில்லையா என்று கேட்டுவிட்டார். எனக்கு மானம் போகிறது.

உன் ஆபீஸில் யாருக்காவது அப்படி நடந்திருக்கும். விசாரித்துப் பார். சங்கத்தின் முகவரி கீழே இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செழியன்

*

லாஸ்பேட்டை,
14 மார்ச் 2025

செழியா,

விசாரிச்சேன். கெடைச்சிடுச்சு.

நேத்து சாப்பிடறப்ப, யாருக்காவது வீடு இல்லேன்னு சொல்லியிருக்காங்களா, எந்தம்பி ஜெனீவால பேச ஏற்பாடு பண்றான்னு பெருமையாத்தான் கேட்டேன். மேனகா கையைக் கழுவிட்டு வந்து, வெளிய வாங்கக்கான்னு கூட்டிட்டுப் போனா. கேண்டீன் பின்னாடி நின்னுக்கிட்டுச் சொன்னா. அவ கூடப் படிச்சவ லாஸ்பேட்டையில ஒரு மாடிவீடு வாடகைக்குக் கேட்டாளாம். குலதெய்வம் கேட்டாங்களாம். வீடு போயிடுச்சுன்னாங்களாம். என் வாயால கேட்ட டெஸ்டிங் கதைய மேனகாதான் அவகிட்ட சொல்லியிருக்கா. அவளோட ஆஸ்பத்திரியில வேலை செய்யற ஒருத்தரை மறுநாள் பேச வச்சிருக்காங்க. அவருக்குச் சாயந்திரமே வந்து பாருங்கன்னு பதில் வந்திருக்கு.

அது வரைக்கும் எனக்கு மண்டையில ஏறல. ச்சே, யாரு அந்த வீட்டுக்காரின்னு கேட்டேன். மேனகா தலையக் குனிஞ்சுக்கிட்டா. "உங்க வீடுதாங்கா"ன்னா.

அந்த எடத்துலயே செத்துடலாம் போல இருந்துச்சு. எத்தனை வருஷமா ஒரே மேசையில சோத்தைப் பங்கு போட்டுத் தின்னவ. ஜனவரியிலேருந்து மனசுல வச்சிக்கிட்டு என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கா. வீடு யாருதுன்னு முன்னாடியே தெரியுமான்னு கேட்டேன். அட்ரஸைப் பாத்ததுமே தெரியும், ஆனா நீங்க அப்படிப் பண்ணமாட்டீங்கன்னு நெனச்சுத்தான் டெஸ்ட் பண்ணச் சொன்னேன்னா.

அப்புறம் அந்தச் சங்கத்து அட்ரஸைக் கேட்டா. குடுத்துட்டேன். எல்லாம் தெரிஞ்சே குடுத்தேன். இன்னா பண்றியோ பண்ணிக்க.

நிர்மலா

*

பாரிஸ் புறநகர்,
17 மார்ச் 2025

அக்கா,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? சொந்தத் தம்பியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்ன பண்ணிக்கொள்கிறாயோ பண்ணிக்கொள் என்கிறாய்.

தீபலட்சுமி எழுதியது வந்துவிட்டது. சங்கத் தலைவி எனக்கே அனுப்பி, பிரெஞ்சில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். பெயர், முகவரி எதுவும் இல்லை. லாஸ்பேட்டை என்று மட்டும் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரைக் கேட்டு அவருடைய அக்கா பதில் சொன்னார் என்று எழுதியிருக்கிறாள். மிகச் சிறந்த சாட்சியம் என்று தலைவி என்னைப் பாராட்டுகிறார்.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஏஜென்சியின் வக்கீல் சும்மா இருப்பானா? இவனே வீடு தர மறுக்கிறவன், இவனுக்கு நாங்கள் ஏன் வீடு தர வேண்டும் என்பான். சமாதானப் பேச்சு அதோடு முடிந்தது. பெரியவள் அடுத்த வருஷமும் குளியலறையில்தான் படிக்க வேண்டும்.

மாடிவீட்டை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடு. அட்வான்ஸ் வேண்டாம். வாடகையும் அவள் சொல்வதே சரி. ஆனால் அனுப்பிய சம்பவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல். நேரில் போய்ப் பேசு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

செழியன்

*

லாஸ்பேட்டை,
30 மார்ச் 2025

செழியா,

போயிட்டு வந்தேன். மேனகாதான் வழி சொன்னா, கூட வரமாட்டேன்னுட்டா.

வில்லியனூர் தாண்டி ஒரு சந்துல வீடு எடுத்திருக்கா. அந்தக் கொழந்தை விடியறதுக்குள்ள எழுந்து ரெண்டு பஸ் மாறி நம்ம தெருவுக்கு ஸ்கூலுக்கு வருது. தெனமும் நம்ம வாசலைத் தாண்டித்தான் போகுதாம். நான் பாத்திருப்பேன், யாருன்னு தெரிஞ்சிருக்காது.

அவங்கம்மா டீ போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சேன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். வீடு இனாம் மாதிரிதான், வந்துடும்மா, அந்தக் காகிதத்தை மட்டும் வாபஸ் வாங்கிக்கன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுச்சு. அவ கோவப்படல. அவங்கம்மாதான் உள்ள எழுந்து போயிட்டாங்க.

அவ சொன்னதை எழுதறேன். வீடு காலின்னு போர்டு போட்டீங்க, வாடகை குடுக்கறேன்னு வந்தேன், அதுல எனக்கு யாரும் தயவு பண்ண வேண்டியதில்ல. இப்ப வந்தா வாயை மூடிக்கறதுக்குத்தான் வீடு குடுத்தீங்கன்னு ஆகும், அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராதுன்னா. வாபஸ் வாங்கமாட்டாளாம். உன் பேரையும் சொல்லமாட்டாளாம், யாரையும் அசிங்கப்படுத்தறதுக்காகப் பண்ணல, நடந்தது எங்கயாவது பதிவாகணும்னா.

உன் கதையையும் சொன்னேன். ஏஜென்சி, பூர்வீகம், ஒத்தை ரூம்பு எல்லாத்தையும். முழுசா கேட்டா. "உங்க தம்பிக்கு நடந்ததும் அநியாயந்தாங்க, அவரும் பேசட்டும்"னா.

நான் சொல்றேன், நீ போ. உனக்கு நடந்தது பொய்யில்ல. வாயைத் தொறக்காம இருந்துட்டு அந்த ஏஜென்சி வீட்டை வாங்கறியா, தொறந்துட்டு விடறியான்னு நான் சொல்லமாட்டேன். எனக்குச் சொல்ற யோக்கியதை இல்ல. அந்தக் கேள்வியக் கேட்டது என் வாயி. ஆனா இனிமே உனக்காக இன்னொரு பொய் சொல்லமாட்டேன்.

நிர்மலா

*

பாரிஸ் புறநகர்,
3 மே 2025

அக்காவுக்கு,

ஜெனீவாவிலிருந்து வந்துவிட்டேன். யாரோ சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

காலையில் என் முறை வந்தது. நன்றாகவே பேசினேன். பூர்வீகம் எது என்று இரண்டு தடவை கேட்டதைச் சொன்னபோது குழு உறுப்பினர் ஒரு அம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். இறங்கி வந்ததும் ருமேனியாவிலிருந்து வந்திருந்த ரோமா இனத்துக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு அங்கே வீடே தர மாட்டார்களாம்.

மதியம் தீபலட்சுமி. மேனகா வீட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். நீ பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் தமிழில்தான் பேசுவேன் என்று எழுதியிருந்தாளாம். அங்கே தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது. தலைவி என்னைக் கூட்டிப்போய் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை.

அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நான் அதைப் பிரெஞ்சில் சொல்வேன். உன்னைப் பற்றி மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த அம்மாவுக்கு வீடு கொடுக்க இஷ்டம்தான் என்று நினைக்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் வேண்டாம் என்றார் என்றாள். அதையும் சொன்னேன். குரல் மாறாமல்தான் சொன்னேன்.

முடிந்ததும் அந்தக் குழு உறுப்பினர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னார் என்று கேட்டார். அதைத் தமிழில் மாற்றி அவளிடம் கேட்டேன். அவள் திரையில் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்குத் தெரியாதுங்க. அதை நீங்கதான் சொல்லணும்."

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. தமிழ் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். தெரியாது என்கிறார் என்று மட்டும் பிரெஞ்சில் சொல்லியிருந்தால் கூட்டம் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சந்திரகலாவும் பிள்ளைகளும் வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரன் நான்தான் என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்ப்பில் தவறு என்று நினைத்தார்கள். மறுபடி சொன்னேன். என்ன காரணம் என்று அந்த அம்மா என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றபோது அவளை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. வழக்கம் என்று சொன்னேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். காலையில் எழுதிய அதே தாளில்தான் எழுதினார்.

ஏஜென்சி நேற்று சமாதானப் பேச்சை நிறுத்திவிட்டது. வழக்கு நடக்கும், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீல். சந்திரகலா என்னோடு பேசுவதில்லை. பெரியவள்தான், அந்த ஆன்ட்டி பொண்ணு எந்த கிளாஸ் என்று கேட்டாள்.

மாடிவீட்டை யாருக்குக் கொடுப்பது என்று இனி என்னைக் கேட்காதே. நீயே பார்த்துக்கொள். எவரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

செழியன்

*

லாஸ்பேட்டை,
18 மே 2025

தம்பி செழியா,

உன் கடுதாசியப் படிச்சிட்டு அழுதேன். அம்மா திவசத்துக்குக்கூட நீ வரலேன்னு உம்மேல இருந்த கோவம் இன்னிக்குத்தான் தணிஞ்சுது. சந்திரகலா ரெண்டு நாள் பேசாம இருப்பா, அப்புறம் சரியாயிடும். அவளுக்கு நான் தனியா எழுதறேன்.

தீபலட்சுமிகிட்ட மறுபடியும் கேக்கச் சொன்னேன். மேனகா கேட்டிருக்கா. இப்பயும் வேணாம்னுட்டா. கோவமெல்லாம் இல்லையாம், ஆனா அந்தப் படிக்கட்டுல ஏற மனசு வரலையாம். அவளைக் குத்தம் சொல்ல முடியாது. மேனகா பழையபடி என்கூடச் சாப்பிடறா. முன்ன மாதிரி கலகலன்னு பேசறதில்ல.

போர்டை மறுபடியும் மாட்டினேன். நேத்து ஒருத்தர் வந்தார், தெய்வசிகாமணின்னு. ஸ்கூல் வாத்தியார், பொண்டாட்டி, ரெண்டு பசங்க. நல்ல மாதிரி மனுஷன். சுத்திப் பாத்தார், புடிச்சுப் போச்சு, அட்வான்ஸை இப்பவே தர்றேன்னு பர்ஸை வெளிய எடுத்தார். நான் ஒண்ணுமே கேக்கல, எப்ப குடி வர்றீங்கன்னு மட்டும் கேட்டேன்.

அவருக்கு அது என்னவோ மாதிரி இருந்துச்சு போல. அவராவே ஆரம்பிச்சார். நாங்க இன்ன ஊரு, இன்ன கூட்டம், இன்ன சாமின்னு. அதெல்லாம் வேணாங்க, வாடகையக் கரெக்டா குடுத்தா போதும்னேன். பர்ஸைத் தொறக்கப் போனவர் நிறுத்திட்டார். "அப்ப, யாரு வந்தாலும் குடுத்துடுவீங்களா?"ன்னார். ஆமாங்கன்னேன்.

வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னு பர்ஸைப் பாக்கெட்ல வச்சிக்கிட்டுப் போனார். போன் பண்ணா எடுக்கல. வீடு காலியாத்தான் இருக்கு.

நிர்மலா